ஏற்றாத பாரம்: எச்சத் தகைவை லேசரால் அளத்தல்

பிரிட்டிஷ் இந்தியாவின் படைமுகாம்களில் மழைக்காலம் வந்தால் துப்பாக்கிகளுக்கு வேலை குறையும். பித்தளைத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பல தோட்டா உறைகளில் வெடிப்பு ஓடியிருக்கும். யாரும் சுடவில்லை, மேலே எதுவும் விழவில்லை. பருவத்தையொட்டி வந்த கோளாறு என்பதால் 'பருவ வெடிப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921இல் எழுதிய ஆய்வில்தான் காரணம் தெளிந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா பாதிக் காரணம். மறுபாதி பித்தளைக்குள்ளேயே இருந்தது: தகட்டைச் சூடாக்காமல் இழுத்து உறையாக வடிக்கும்போது அதில் தங்கிப்போன இழுவிசை. உறைகளை மிதமாகச் சூடாக்கி அந்த விசையைத் தளர்த்திய பிறகு தொல்லை அடங்கியது.

அப்படித் தங்கிப்போவதைப் பொறியியலில் எச்சத் தகைவு என்கிறோம். கயிற்றுக் கட்டிலில் யாரும் படுக்காதபோதும் கயிறு விறைப்பாகவே இருக்கிறது. சட்டங்கள் அழுத்தப்பட்டே நிற்கின்றன. இழுப்பும் அழுத்தமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரிவதில்லை. வெல்டிங் செய்த எஃகுத் தகடு, வார்ப்பில் ஆறிய எஞ்சின் பாகம், சூடாக்கித் தண்ணீரில் முக்கிய பற்சக்கரம், லேத்தில் கடைந்த தண்டு என எல்லாவற்றுக்குள்ளும் இந்த ஈடுகட்டல் நடக்கிறது. வெல்டிங் கோட்டின் அருகே இழுவிசை, எஃகு நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லையையே எட்டிவிடுவதும் உண்டு. வரைபடத்தில் பொறியாளர் குறிக்கும் சுமை இதன் மேல்தான் ஏறுகிறது.

இதை அளப்பதில் அடிப்படையிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. தகைவை நேராகக் காட்டும் கருவி எதுவும் கிடையாது. நீளம் மாறியதை அளக்கலாம். அணுத் தளங்களின் இடைவெளியை அளக்கலாம். ஒலி ஓடும் வேகத்தையோ சிதறும் ஒளியின் நிறத்தையோ அளக்கலாம். தகைவு அதன் பிறகு கணக்கில் வருவது. லேசர் வந்தும் இது மாறவில்லை. லேசரால் எச்சத் தகைவை அளப்பதாகச் சொல்லும் முறைகள் பல. ஆனால் ஒளியின் நுட்பம் அவற்றில் ஏறக்குறைய எப்போதுமே தேவைக்கு மேல் இருக்கிறது. பிழை நுழைவது வேறு வாசலில், அதாவது விசையை எப்படி விடுவித்தோம், அளந்ததை எந்தச் சமன்பாட்டால் தகைவாக மாற்றினோம் என்பதில். இந்தத் துறையைச் சுற்றிப் பார்க்கும்போது அந்த வாசலின் மேல்தான் கண் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

லேசருக்கு வெளியே உள்ள போட்டியாளர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எக்ஸ் கதிர் அணுத் தள இடைவெளியை அளக்கிறது. மாதிரியை அறுக்க வேண்டாம். ஆனால் எஃகில் அது பார்ப்பது மேற்பரப்பின் 5, 10 மைக்ரான் ஆழம் மட்டுமே. நியூட்ரான் கதிர் எஃகுக்குள் சில சென்டிமீட்டர் போகும்; அதற்கு அணு உலையோ பெரிய முடுக்கியோ வேண்டும், பாகத்தை அங்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே, பத்து மைக்ரானுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கும் இடைப்பட்ட ஆழம் இருக்கிறதே, அங்கேதான் களைப்பு வெடிப்புகள், அதாவது சுமை மீண்டும் மீண்டும் ஏறி இறங்குவதால் வரும் வெடிப்புகள், வளர்கின்றன. அங்கே நுழைய இன்றுவரை எளிய வழி துளை போடுவதுதான்.

துளையும் வரிகளும்

இழுவிசையில் உள்ள தகட்டில் ஒரு துளை இருந்தால் அதைச் சுற்றித் தகைவு எப்படித் திரும்பிப் பரவும் என்பதை ஜெர்மானியரான கிர்ஷ் 1898இல் கணக்கிட்டிருந்தார். ஏற்கெனவே விசை தங்கியிருக்கும் உலோகத்தில் புதிதாகத் துளை போட்டால் அதன் விளிம்பு அசையும் அல்லவா, அந்த அசைவிலிருந்து உள்ளே இருந்ததைக் கண்டுபிடிக்கலாமே என்று 1934இல் யோசித்தவர் யோசஃப் மாதர். பின்னாளில், பரப்பில் ஒட்டி அதன் திரிபை, அதாவது நீளம் எந்த விகிதத்தில் மாறியது என்பதை, அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் வந்ததும் முறை உறுதிப்பட்டது. மூன்று திசைகளில் மூன்று கேஜ்களை ஒட்டி, நடுவில் சுமார் 2 மில்லிமீட்டர் துளையைப் படிப்படியாக ஆழப்படுத்தி, ஒவ்வொரு படியிலும் திரிபைப் படிப்பார்கள். 1981இல் அமெரிக்கத் தர அமைப்பு இதற்கு ஈ837 என்ற எண்ணில் தரமுறை வெளியிட்டது. உலகெங்கும் பட்டறைகளில் அதிகம் நடப்பது இன்றும் இதுவே.

இதன் பலவீனம் எண்ணிக்கையில் இருக்கிறது. மேற்பரப்பில் அறிய வேண்டியவை மூன்று: இரண்டு திசைத் தகைவுகள், ஒரு சறுக்குத் தகைவு. கேஜ் தருவதும் மூன்றே எண்கள். ஒரு கேஜ் சரியாக ஒட்டாமல் போனாலோ, துளை நடுவிலிருந்து இம்மியளவு விலகினாலோ, விடை வரத்தான் செய்யும். அது தவறு என்று சொல்ல நான்காவது சாட்சி கிடையாது. கேஜை ஒட்டுவதற்கு மேற்பரப்பைத் தேய்த்துத் துடைத்துப் பசை காய விட வேண்டும். அந்தத் தேய்ப்பே புதிதாகக் கொஞ்சம் தகைவை உண்டாக்கும் என்பது தனிக்கதை.

இங்கேதான் லேசருக்கு வேலை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எஃகில் எல்லாத் திசையிலும் 100 மெகாபாஸ்கல் இழுவிசை தங்கியிருக்கிறது, அதில் 2 மில்லிமீட்டர் விட்டத்தில் முழுத் துளை போடுகிறோம். துளையின் விளிம்பு வெளிநோக்கி எவ்வளவு நகரும்? எஃகின் விறைப்பைச் சொல்லும் யங் குணகம் 200 ஜிகாபாஸ்கல், இழுக்கும்போது குறுக்கே சுருங்குவதைச் சொல்லும் பாய்சான் விகிதம் 0.3 என்று வைத்தால் விடை 0.65 மைக்ரான். ஹீலியம்-நியான் லேசரின் சிவப்பு ஒளிக்கு அலைநீளம் 0.633 மைக்ரான். இயற்கை நமக்காகவே அளவுகோலை வெட்டிக் கொடுத்ததுபோல இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. இதற்கு மேல் இன்னொன்று: துளையிலிருந்து விலக விலகத் திரிபு தூரத்தின் இருமடியில் குறைகிறது; இடப்பெயர்ச்சியோ தூரத்தின் விகிதத்தில்தான் குறைகிறது. விளிம்பிலிருந்து தள்ளி ஒட்டப்பட்ட கேஜுக்கு மங்கலாகக் கேட்பது, இடப்பெயர்ச்சியைப் பார்க்கும் ஒளிக்கு இன்னும் உரக்கக் கேட்கும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பவலும் ஸ்டெட்சனும் 1965இல் ஹோலோகிராம் மூலம் அசைவை அளக்கலாம் என்று காட்டினார்கள். பொருளின் பழைய நிலையை ஹோலோகிராமில் பதித்துவிட்டு, அசைந்த பிறகான நிலையை அதன் மேல் ஒளியாகவே பொருத்தினால், அசைவுக்கேற்ப இருளும் வெளிச்சமுமாக வரிகள் தோன்றும். ஸ்டான்போர்டில் நெல்சனும் மெக்ரிக்கெர்டும் 1986இல் இதைத் துளை முறையோடு சேர்த்தார்கள். கொள்கை சரி, ஆனால் படத்தகட்டைக் கழுவிக்கொண்டு எந்தத் தொழிற்சாலையில் வேலை செய்வது? ஆய்வுக்கூடத்தின் அதிர்வு தாங்கும் மேசையை விட்டு அது வெளியே வர முடியவில்லை.

வெளியே வந்தது அதன் முரட்டுத் தம்பி. லேசர் ஒளியைச் சொரசொரப்பான பரப்பில் விழச் செய்தால் பொடிப்பொடியாக மினுமினுக்கும் புள்ளிகள் தெரியும்; ஸ்பெக்கிள் என்பார்கள். பரப்பின் மேடு பள்ளங்களிலிருந்து கிளம்பும் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு உண்டாவது அது. லேசர் பிறந்த புதிதில் படத்தைக் கெடுக்கும் இரைச்சல் என்றே இதைத் திட்டினார்கள். இங்கிலாந்தின் லஃப்பரோவில் லீண்டர்ட்ஸ் 1970இல் இந்த இரைச்சலுக்குள்ளேயே செய்தி இருக்கிறது என்று காட்டினார். அடுத்த ஆண்டே அவரும் பட்டர்ஸும் படத்தகட்டின் இடத்தில் தொலைக்காட்சிக் கேமராவை வைத்துவிட்டார்கள்.

முறை இப்படிப் போகிறது. இடமும் வலமுமாக இரண்டு கற்றைகள் பரப்பின் மேல் விழுகின்றன. பரப்பு வலப்புறம் இம்மியளவு நகர்ந்தால் ஒரு கற்றையின் பாதை குறைகிறது, மற்றதன் பாதை கூடுகிறது. ஒவ்வொரு புள்ளியின் பிரகாசமும் அதற்கேற்ப ஏறி இறங்குகிறது. துளைக்கு முன் எடுத்த படத்தைத் துளைக்குப் பின் எடுத்த படத்திலிருந்து கழித்தால் துளையைச் சுற்றி வண்ணத்துப்பூச்சிச் சிறகு வடிவில் வரிகள் எழும். கற்றைகள் 45 டிகிரி சாய்ந்திருந்தால், சிவப்பு லேசரில் ஒரு வரிக்கு 0.45 மைக்ரான் இடப்பெயர்ச்சி. நம் கணக்கில் வந்த 0.65 மைக்ரானுக்கு ஒரு பக்கம் ஒன்றரை வரிதான் கிடைக்கும். அது போதாது. ஆகவே ஒரு கண்ணாடியை மின்னூக்கத்தால் நகர்த்தி, ஒரு கற்றையின் பாதையைக் கால் அலைநீளம் கால் அலைநீளமாக மாற்றி நான்கு படங்கள் எடுக்கிறார்கள். நான்கையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு வரியை ஐம்பதில் ஒரு பங்குவரை பிரித்துப் படிக்கலாம். பத்து நானோமீட்டர் அளவு நுட்பம்.

மூன்று எண்களுக்குப் பதில் இப்போது லட்சக்கணக்கான படப்புள்ளிகள். துளை நடுவில் இல்லையென்றால் படத்திலிருந்தே மையத்தைத் தேடிக்கொள்ளலாம். எங்கேனும் சில்லு ஒட்டிக்கொண்டு ஒரு மூலை கெட்டால் அந்த மூலையை ஒதுக்கிவிட்டு மீதியை எடுக்கலாம். பசையும் கம்பியும் வேண்டாம். பளபளப்பான பரப்பென்றால் மெல்லிய வெள்ளைப் பூச்சு மட்டும் போதும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் வட்டாரத்தில் ஸ்டைன்சிக், பான்ஸ்லே இருவரும் 2003 வாக்கில் இதைத் துரப்பணத்தோடு ஒரே கருவியாக்கி விளக்கினார்கள். கனடாவின் ஷாயரும் ஸ்டைன்சிக்கும் 2005இல், படத்தின் எல்லாப் புள்ளிகளையும் ஒருங்கே பயன்படுத்தித் தகைவைக் கணக்கிடும் வழியைத் தந்தார்கள். இந்தத் துறையில் படிக்க வேண்டிய ஒரே கட்டுரை எது என்று கேட்டால் நான் அதையே காட்டுவேன். கருவியைப் புகழாமல், மிகைத் தரவு இருந்தால் பிழையை எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று யோசிக்கும் எழுத்து அது.

பிரேசிலின் ஃபுளோரியானோபோலிஸில் ஆல்பர்டாசியும் வியோட்டியும் செய்தது வேறு வகைக் கெட்டிக்காரத்தனம். எரிவாயுக் குழாய்கள் கிடக்கும் வெட்டவெளிக்கு லேசரைக் கொண்டுபோக வேண்டும். அங்கே வெப்பநிலை ஏறி இறங்கும். மலிவான டயோடு லேசரின் அலைநீளமும் கூடவே நழுவும். அலைநீளத்தை அளவுகோலாக வைத்த கருவிக்கு அது கேடு. வட்ட வட்டமாகக் கோடு செதுக்கிய ஒளி வளைப்புத் தகடு ஒன்றை அவர்கள் முன்னால் வைத்தார்கள். எல்லாப் பக்கமிருந்தும் ஒளி மையத்தை நோக்கிச் சாய்ந்து விழுகிறது. ஆரவாட்டில் நடக்கும் அசைவு மட்டும் பதிவாகிறது. அலைநீளம் கூடினால் ஒளி வளையும் கோணமும் கூடுவதால் இரண்டும் ஈடாகி, சமன்பாட்டிலிருந்து அலைநீளமே விழுந்துவிடுகிறது. அளவுகோல் இப்போது தகட்டில் செதுக்கிய கோடுகளின் இடைவெளி. ஒரு கோளாறைத் திருத்துவதற்குப் பதிலாக அதற்கு இடமே இல்லாமல் செய்துவிடும் இத்தகைய வேலை பொறியியலில் அபூர்வம்.

பிழை நுழையும் வாசல்

இவ்வளவு நுட்பத்துக்குப் பிறகும் இரண்டு ஆய்வுக்கூடங்கள் ஒரே தகட்டில் வேறுவேறு எண்களைத் தருவதேன்?

முதலாவது அதிர்வு. பத்து நானோமீட்டரைப் பார்க்கும் கண்ணுக்குப் பக்கத்து அறையில் ஓடும் கம்ப்ரசரும் தெரியும். துரப்பணத்தை விலக்கி மறுபடி படம் எடுப்பதற்குள் பாகம் மொத்தமாக அரை மைக்ரான் நகர்ந்திருந்தால் அந்த நகர்வும் வரிகளாகவே வரும். முழுப் படமும் கையில் இருப்பதால் மொத்த நகர்வைக் கணக்கில் கழித்துவிடலாம். ஸ்பெக்கிள் புள்ளியின் அளவுக்கு மேல் நகர்ந்துவிட்டால் கழிக்கவும் வழியில்லை; பழைய புள்ளிக்கும் புதிய புள்ளிக்கும் தொடர்பே அறுந்துபோகும். இடப்பெயர்ச்சியை விட்டுவிட்டு அதன் சரிவை மட்டும் பதியும் ஷியரோகிராபி என்ற உறவுமுறை அதிர்வைச் சமாளிக்கும்; டயர் சோதனையில் அது நன்றாக ஓடுகிறது. துளையைச் சுற்றியுள்ள நுண்ணிய அசைவுக்கு அதன் கண் அவ்வளவு கூர்மையில்லை.

இரண்டாவது துரப்பணம். மழுங்கிய துரப்பணமுனை உலோகத்தைச் சூடாக்கி, அரைத்து, தன் பங்குக்கு ஒரு தகைவை விட்டுச் செல்லும். துளையின் விளிம்பை ஒட்டித்தான் அசைவு அதிகம், ஆனால் கெட்டுப்போகும் படப்புள்ளிகளும் அங்கேதான். இதைச் சோதிக்க ஒரே நேர்மையான வழி, நன்றாகச் சூடாக்கி ஆறவிட்டு விசை நீங்கிய துண்டில் அதே முனையால் அதே வேகத்தில் துளை போட்டுப் பார்ப்பது. அங்கே பூஜ்யம் வர வேண்டும். வரவில்லையென்றால் வந்த எண்ணே அந்தக் கருவியின் உண்மையான பிழை. அறிக்கைகளில் லேசரின் வகை, கேமராவின் படப்புள்ளி எண்ணிக்கை எல்லாம் விவரமாக இருக்கும்; இந்தப் பூஜ்யச் சோதனையின் முடிவை வலைபோட்டுத் தேட வேண்டியிருக்கிறது.

மூன்றாவதுதான் ஆழமானது. துளை விளிம்பில் தகைவு பல மடங்காகக் குவியும் என்று கிர்ஷ் சொன்னது இங்கே எதிராகத் திரும்புகிறது. உள்ளே இருந்த விசை எஃகு நிரந்தரமாக வளையும் எல்லையின் 80 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், துளை போட்டதும் விளிம்பு மீள முடியாதபடி வளைந்துவிடும். கூடுதலாக நடந்த அந்த அசைவை நம் சமன்பாடு மீட்சி அசைவு என்று நம்பி, இருப்பதைவிடப் பெரிய தகைவைச் சொல்லும். லேசர் பொய் சொல்லவில்லை, அசைவு அவ்வளவுதான் நடந்தது. ஆபத்து எங்கே அதிகமோ அங்கேதான் இந்தத் தவறும் அதிகம் என்பது வேடிக்கை.

நான்காவது, ஆழம். துளை ஆழமாக ஆகத் துளையின் அடியில் விடுபடும் விசை மேற்பரப்பை அசைக்கும் ஆற்றல் குறைந்துகொண்டே போகிறது. 2 மில்லிமீட்டர் துளையில் சுமார் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே நடப்பது மேலே எட்டுவதே இல்லை. மேலே தெரியும் சிறு அசைவிலிருந்து கீழே இருந்த தகைவைத் திருப்பிக் கணக்கிடும்போது அளவீட்டின் ஒவ்வொரு சிறு நடுக்கமும் பெரிதாக்கப்படுகிறது. படிகளை நுணுக்கினால் விவரம் கூடும் என்று தோன்றும்; கூடுவது பெரும்பாலும் நடுக்கம்தான். வரைபடத்தை மென்மையாக்கும் கணித உத்திகள் இருக்கின்றன. எவ்வளவு மென்மையாக்குவது என்பது ஓரளவு கணக்கிடுபவர் கையில் இருக்கிறது. அழகான வளைகோடு ஒன்றைக் கண்டால் அது எவ்வளவு இஸ்திரி போடப்பட்டது என்று கேட்பதில் தவறில்லை.

துளைக்குப் பதிலாகச் சிறு இடத்தை லேசராலேயே சூடாக்கி விசையைத் தளர்த்திவிட்டு, ஆறிய பிறகு அசைவைப் பார்க்கும் யோசனையும் வந்தது. துளை இல்லாததால் பாகத்துக்குச் சேதமில்லை என்பது கவர்ச்சி. ஆனால் எவ்வளவு விசை தளர்ந்தது என்பது வெப்பத்தையும் உலோகத்தின் குணத்தையும் பொறுத்தது. அதற்கு மறுபடி வேறொரு அளவீடு வேண்டும். அது பரவாமல் போனதில் வியப்பில்லை.

மைக்கேல் பிரைம் லாஸ் அலமோஸில் உருவாக்கி 2001இல் வெளியிட்ட அறுப்பு முறை எதிர்த்திசையில் யோசித்தது. சிறு துளையின் சிறு அசைவோடு மல்லாடுவதற்குப் பதில் பாகத்தையே கம்பி மின்பொறி இயந்திரத்தால் நேராக இரண்டாக அறுத்துவிடு. விசை விடுபட்டதும் அறுத்த முகங்கள் சில பத்து மைக்ரான் மேடு பள்ளமாகும். அந்த முகத்தை லேசர் முனையால் வருடி அளந்து, மேட்டை மறுபடி அழுத்திச் சமமாக்க எவ்வளவு விசை வேண்டும் என்று கணினியில் பார்த்தால், அதுவே அறுப்பதற்கு முன் அந்த வெட்டுமுகம் முழுவதும் இருந்த தகைவு. இரண்டு முகங்களின் அளவையும் சராசரி எடுத்தால் சறுக்குத் தகைவின் தாக்கம் தானே விலகும். பாகம் போய்விடும் என்பது விலை. தடித்த வெல்டிங் இணைப்பின் உட்புறம் தெரிய வேண்டும், நியூட்ரான் கிடைக்காது என்றால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்; லேசருக்கு இங்கே மிகச் சாதாரண வேலை என்பதே இதன் பலம்.

நிறம் சொல்லும் செய்தி

அசைவைப் பார்க்காமல் ஒளியின் நிறத்தைப் பார்க்கும் முறைகள் தனிக் குடும்பம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கொல்கத்தாவில் கண்ட விளைவு இதற்கு வேர். பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு, அணுக்களின் அதிர்வோடு ஆற்றலைப் பரிமாறி நிறம் மாறி வருகிறது. சிலிக்கானில் அந்த மாற்றம் சென்டிமீட்டருக்கு 520 அலைகள் என்ற இடத்தில் கூர்மையான முகடாக நிற்கும். படிகம் அழுத்தப்பட்டால் முகடு மேலே நகரும், இழுக்கப்பட்டால் கீழே. ஒரே திசையில் இழுவிசை என்றால் ஓர் அலகு நகர்வுக்கு ஏறத்தாழ 430 மெகாபாஸ்கல். லேசரை நுண்ணோக்கி வழியாக ஒரு மைக்ரான் புள்ளியாகக் குவிக்கலாம் என்பதால் சிப் தயாரிப்பில் இதற்கு ஈடில்லை.

இங்கும் அதே வாசல். தகைவுக்கு ஆறு கூறுகள் உண்டு; முகடு நகர்வு ஒரே எண். மீதி ஐந்தையும் ஊகித்துத்தான் அந்த ஒன்றைத் தகைவாக மாற்றுகிறோம். போதாததற்கு, சிலிக்கான் சூடானாலும் முகடு கீழே நகரும். கற்றையைக் கொஞ்சம் பலமாக வைத்து அந்தப் புள்ளி 20 டிகிரி சூடானால், ஏறத்தாழ 200 மெகாபாஸ்கல் இழுவிசை இருப்பதுபோல் கருவி காட்டும். அளக்கும் ஒளியே அளவைக் கெடுப்பது இது. லேசரின் ஆற்றலைப் படிப்படியாகக் குறைத்து, முகடு நகர்வது நிற்கிறதா என்று பார்க்காத ராமன் அளவீட்டை நம்பக் கூடாது.

விமான எஞ்சின்களில் இதன் பங்காளி முறை ஒன்று அருமையாக வேலை செய்கிறது. சுழலும் தகடுகளின் மேல் வெப்பம் தடுக்கும் சிர்கோனியாப் பூச்சு இருக்கும்; அதற்கும் உலோகத்துக்கும் நடுவே எஞ்சின் ஓட ஓடச் சில மைக்ரான் தடிமனில் அலுமினா வளரும். பூச்சு உரிவதும் உரியாததும் அந்த அலுமினாவின் கையில். அதில் இம்மியளவு குரோமியம் கலந்திருக்கும். குரோமியம் கலந்த அலுமினா என்றால் மாணிக்கக்கல்தானே! பச்சை லேசரைப் பாய்ச்சினால் பூச்சைக் கடந்து சென்று, மாணிக்கத்துக்கே உரிய 694 நானோமீட்டர் சிவப்பு ஒளியைக் கிளப்பும். தகைவுக்கேற்ப அந்தச் சிவப்பு நகரும். 1990களில் கலிபோர்னியாவில் டேவிட் கிளார்க்கின் குழு இதைக் கணக்கு வழக்கோடு நிறுவியது. ஆறிய நிலையில் அந்த மெல்லிய அடுக்கில் 3 ஜிகாபாஸ்கலுக்கு மேல் அழுத்தம் இருக்கும். பூச்சு பிடிப்பை இழந்தால் அழுத்தம் இறங்கிவிடும். உரியப்போகும் இடம் கண்ணுக்குத் தெரியும் முன்பே தெரிந்துவிடும். அலுமினா பொடிமணிகளாக எல்லாத் திசையிலும் கலந்து கிடப்பதால் ஒரே எண் போதாது என்ற குறையும் இங்கே பெருமளவு தீர்ந்துவிடுகிறது. பொருளே தன் அளவுகோலையும் சுமந்துகொண்டிருக்கும் இத்தகைய இடங்களில் லேசருக்கு நிகரில்லை. அப்படிப்பட்ட பொருள்கள் மிகக் குறைவு என்பதுதான் வருத்தம்.

கண்ணாடியும் அப்படி ஒரு பொருள். விசைக்கு உட்பட்ட கண்ணாடி, தளவிளைவு பெற்ற ஒளியை இரண்டு வேகங்களில் கடத்தும் என்பதை புரூஸ்டர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டிருந்தார். கார்களின் பக்கக் கண்ணாடியைப் போன்ற பதமேற்றிய கண்ணாடிக்கு வலிமையே எச்சத் தகைவுதான். மேற்பரப்பில் குறைந்தது 69 மெகாபாஸ்கல் அழுத்தம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தரமுறை. எஸ்தோனியாவின் தாலின் நகரில் ஹில்லர் ஆபென் வளர்த்த முறையில் லேசர் கற்றை சாய்வாகக் கண்ணாடிக்குள் நுழைகிறது. வழிநெடுகச் சிதறும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைப் படித்தால் ஒவ்வோர் ஆழத்திலும் உள்ள தகைவு வந்துவிடும். உடைக்க வேண்டாம், அறுக்க வேண்டாம். உருகிய கண்ணாடித் துளியைத் தண்ணீரில் சொட்டவிட்டுச் செய்யும் ரூபர்ட் இளவரசர் துளியின் தலை சுத்தியலடிக்கும் உடையாது, வாலைக் கிள்ளினால் மொத்தமும் பொடியாகும். அந்தத் தலையில் 700 மெகாபாஸ்கல்வரை அழுத்தம் இருக்கிறது என்று 2016இல் அளந்து சொன்னது ஆபெனும் கேம்பிரிட்ஜ், பர்டியூ ஆய்வாளர்களும் சேர்ந்த குழு. இப்படித் தகைவை ஒளியின் வழியே படிக்கும் ஒளிமீட்சியியலைக் கணினிப் படமுறையோடு இணைத்து நூலாக எழுதிய கே. ராமேஷ் சென்னை ஐஐடியைச் சேர்ந்தவர். நம் மாணவர்களுக்கு இந்தத் துறையின் கதவு மிக அருகில் இருக்கிறது.

லேசர் மீயொலி முறையைப் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகமில்லை. ஒரு லேசர் துடிப்பு பரப்பில் ஒலியை எழுப்ப, இன்னொரு லேசர் அதைத் தொடாமலே கேட்கிறது; தகைவு இருந்தால் ஒலியின் வேகம் மாறும் என்பது 1953இல் ஹ்யூஸும் கெல்லியும் தந்த கொள்கை. மாற்றம் எவ்வளவு? எஃகில் 100 மெகாபாஸ்கலுக்குச் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. உருட்டிய தகட்டில் உலோக மணிகள் ஒரே வாட்டத்தில் சாய்ந்திருப்பதே இதைவிடப் பெரிய மாற்றத்தைத் தரும். ஒரே பாகத்தில் நாளடைவில் வரும் மாற்றத்தைக் கண்காணிக்க உதவலாம். முன்பின் தெரியாத பாகத்தில் தகைவு எவ்வளவு என்று கேட்டால் அதனிடம் விடையில்லை.

மாறாக, மிகப் பழைய ஒரு யோசனை லேசரோடு சேர்ந்து இன்று மிக நம்பகமாக நிற்கிறது. நீராவிச் சுழலி புகழ் பார்சன்ஸிடம் வேலை பார்த்த ஜெரால்டு ஸ்டோனி, மின்முலாமாகப் படிந்த உலோகப் படலம் தானே உரிந்துகொள்வதைக் கண்டு, 1909இல் படலத்தின் தகைவுக்கும் அடித்தகடு வளைவதற்கும் உள்ள தொடர்பை எழுதினார். இன்று சிலிக்கான் வில்லையில் படலம் படியும்போதே இணையான பல லேசர் கற்றைகளை அதில் பட்டுத் திரும்பச் செய்கிறார்கள். வில்லை வளைந்தால் கற்றைகளுக்கு இடையேயான தூரம் மாறும். இயந்திரம் அதிர்ந்தால் எல்லாக் கற்றைகளும் சேர்ந்தே ஆடுவதால் தூரம் மாறாது. ஸ்டோனியின் சமன்பாட்டில் படலத்தின் யங் குணகம் வருவதே இல்லை. சில நானோமீட்டர் படலத்தின் குணகத்தை யார் அறிவார்? அறியாததைக் கேட்காத சமன்பாடு என்பதால்தான் நூறாண்டு தாண்டியும் அது பிழைத்திருக்கிறது.

இதுவரை லேசர் வேடிக்கை பார்ப்பதாகவே பேசினோம். இன்று அதுவே எச்சத் தகைவை உண்டாக்கவும் செய்கிறது. அமெரிக்க பி-1பி குண்டுவீச்சு விமான எஞ்சின்களின் விசிறித் தகடுகள் கல்லும் தூசியும் பட்டு உடைந்தபோது, 1990களில் அவற்றின் விளிம்பில் லேசர் துடிப்புகளால் அடித்து ஒரு மில்லிமீட்டர் ஆழம்வரை அழுத்தத் தகைவை வேண்டுமென்றே ஏற்றினார்கள். குண்டுமணிகளால் அடிக்கும் பழைய முறையில் அதன் சிறு பங்கு ஆழமே கிட்டும். ஏற்றிய தகைவு உலோகத்தின் எல்லையை நெருங்கி நிற்பதால், மேலே சொன்ன 80 சதவீதச் சிக்கல் இங்கே ஒவ்வொரு துளையிலும் எழுகிறது. மெல்லிய விளிம்பு என்பதால் தடித்த தகட்டுக்கு எழுதிய சமன்பாடும் பொருந்தாது. ஒவ்வொரு வடிவத்துக்கும் கணினியில் தனியாக அளவுத்திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது.

உலோகப் பொடியை லேசரால் அடுக்கடுக்காக உருக்கிப் பாகம் செய்யும் முப்பரிமாண அச்சு இன்னும் கடினம். ஒவ்வோர் அடுக்கும் உருகி ஆறும்போது கீழ் அடுக்கை இழுக்கிறது. அடித்தட்டிலிருந்து அறுத்தெடுத்த பாகம் கண்ணெதிரே மேல்நோக்கி வளையும். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2018இல் நடத்திய ஒப்பீட்டில், கால்கள் வைத்த சிறு பாலம் போன்ற துண்டுகளை அச்சிட்டு, கால்களை அறுத்துவிட்டால் பாலம் எவ்வளவு வளையும் என்று கணினி மாதிரிகளை முன்கூட்டியே சொல்லச் சொன்னார்கள். உள்ளே இருக்கும் திரிபை நியூட்ரானாலும் எக்ஸ் கதிராலும் அளந்தார்கள். துளை போடவோ ஸ்பெக்கிள் பார்க்கவோ இத்தகைய பாகத்தின் மேற்பரப்பே இடம் தருவதில்லை: ஒட்டிய பொடிமணிகளால் சொரசொரப்பு, தேய்த்தால் மேலே உள்ள தகைவு போய்விடும். திசைக்குத் திசை யங் குணகமும் மாறுகிறது. எஃகுத் தகட்டுக்குப் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த மாறிலிகளை இங்கே அப்படியே எடுத்து வைத்துக் கணக்கிடும் கட்டுரைகள் ஏராளமாக வருகின்றன.

திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இருக்கிறது. கொதிகலன் வெல்டிங்கைச் சுற்றி ஒரு தொழிலே அங்கே வளர்ந்திருக்கிறது. அதுபோன்ற இடங்களில் வாங்கத் தகுந்தது எது என்று யாரேனும் கேட்டால், முதலில் கேஜ் ஒட்டும் துளை முறையைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளச் சொல்வேன். தரமுறையும் அதன் பெயரில்தான் இருக்கிறது. ஈ837இன் தலைப்பிலேயே ஸ்ட்ரெயின் கேஜ் வருகிறது, ஒளிக்கு அதில் இடமில்லை. ஒரு நாளைக்குப் பல துளைகள் போட வேண்டிய வேலை, கேஜ் ஒட்ட இடமில்லாத பற்சக்கரப் பல், வளைந்த குழாய் என்று வரும்போது ஸ்பெக்கிள் கருவிக்குச் செலவு செய்யலாம். வாங்கும்போது விற்பவரிடம் வரிகள் நிறைந்த வண்ணப் படங்களைக் கேட்க வேண்டாம். விசை நீக்கிய துண்டில் பத்துத் துளைகள் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு தெரிந்த எடையைத் தொங்கவிட்டு வளைத்த தகட்டில் பத்து. அங்கே வரும் சிதறலை எழுதித் தரச் சொல்லுங்கள்.